நெகடிவ் தாங்கியும் மும்பையின் ஈரக் காற்றும்

புகைப்படங்களைப் பெரிதாக்கும் கருவியை வாங்க முற்படுவோர் முதலில் லென்ஸைப் பற்றி விசாரிப்பர். பிறகு விளக்கைப் பற்றியும், தூணின் உயரத்தைப் பற்றியும் கேட்பர். விளக்கிற்கும் லென்ஸுக்கும் இடையே நெகடிவைப் பிடித்து நிறுத்தும் தட்டையான சட்டத்தைப் பற்றிக் கேட்போர் மிகச் சிலரே. இருட்டறையில் வேலை செய்வோர் கேரியர் என்று அழைக்கும் இத்தாங்கி, கருவியோடு இலவசமாக வந்து சேரும் ஒரு தகடாகவே கருதப்பட்டு வருகிறது. 35 மில்லிமீட்டர் பிலிமைப் பெரிதாக்குவோருக்கு இந்த அலட்சியத்தால் பெரிய நஷ்டம் நேர்வதில்லை. ஆனால் 120 எனப்படும் ரோல் பிலிமைப் பெரிதாக்கும்போது, அதுவும் மும்பை போன்ற ஒரு கடற்கரை நகரத்தில், பிரதியின் கூர்மை லென்ஸைவிடத் தாங்கியையே பெரிதும் பொறுத்திருக்கிறது. நல்ல லென்ஸுக்கென்று பணம் சேர்க்கும் பள்ளிகளும் களப்பணி அலுவலகங்களும் அதற்குமுன் தாங்கியின்மீது சிறிது கருத்தைச் செலுத்துவது நலம்.

120 பிலிம் 1901இல் கோடாக் கம்பெனியாரால் வெளியிடப்பட்டது. ஆறு சென்டிமீட்டர்ச் சதுரம் என்று சொல்லப்படும் அதன் படம் உண்மையில் 56 மில்லிமீட்டர்ச் சதுரமே. ஒரு சுருளில் பன்னிரண்டு படங்கள் அமையும். நம் நாட்டில் இந்த பிலிமின் ஆட்சி நெடுங்காலம் நீடித்தது. பம்பாயின் ஜே. ஜே. கலைப் பள்ளியில் பயின்று, இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் எனப் பெயர் பெற்ற ஹோமாய் வியாரவாலா (1913-2012) பயன்படுத்திய காமிராக்களுள் ரோலைஃப்ளெக்ஸும் ஒன்று. அதன் நெகடிவ் இந்தச் சதுரம்தான். இந்தியாவிலேயே தயாரான ஆக்பா கிளிக் 3 என்னும் எளிய பெட்டிக் காமிராவும் இதே பிலிமையே கொண்டது. உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், தன் உற்பத்தி நடைபெற்ற காலத்தில், இந்து என்னும் பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருள்களையும் புரோமைடு தாள்களையும் அளித்து வந்தது. திருமணம், பள்ளிக் குழுப்படம், ஆண்டு விழா என எல்லாவற்றிற்கும் ஸ்டூடியோக்காரர் இரட்டை லென்ஸ் காமிராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்த காலம் அது.

அக்காலத்து நெகடிவுகள் இப்போது எங்கே இருக்கின்றன என்பதுதான் இவ்விஷயத்தை அவசரமானதாக ஆக்குகிறது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள், தாராவியில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே தோல் பதனிடும் தொழிலுக்கு வந்து தங்கிய திருநெல்வேலிச் சீமை மக்கள் ஆகியோரின் இரண்டு மூன்று தலைமுறை முகங்கள் இச்சிறு சதுரங்களில் அடங்கியுள்ளன. பல வீடுகளில் பிரதி செல்லரித்துப் போயிருக்கும். பழுப்புக் காகித உறையிலுள்ள நெகடிவ் மட்டும் மிஞ்சியிருக்கும். தாராவியின் மறுகட்டுமானத்திற்காக வீடுகளைக் கணக்கெடுக்கும் வேலை 2024இல் தொடங்கியது. வீடு மாறும்போது முதலில் குப்பைக்குச் செல்வது இத்தகைய உறைகளே. பள்ளி ஆசிரியர் ஒருவர் மாணவரைக் கொண்டு இவற்றைத் திரட்டிப் பிரதி எடுக்க முன்வந்தால், சரியான தாங்கி அவருக்கு அலங்காரப் பொருளன்று. பழைய நெகடிவ் பலமுறை கையாளப்படுவதைத் தாங்காது. முதல் முறையிலேயே நல்ல பிரதி கிடைக்க வேண்டும்.

தாங்கியின் கடமை ஒன்றே: நெகடிவைத் தட்டையாக, ஒளிக்கீற்றுக்குச் செங்குத்தாக, அசையாமல் நிறுத்துவது. இக்கடமை 35 மில்லிமீட்டர் பிலிமுக்கு எளிது. குறுக்கே 24 மில்லிமீட்டர்தான் ஆதாரமின்றி நிற்கிறது. 120 பிலிமிலோ எப்பக்கம் பார்த்தாலும் 56 மில்லிமீட்டர் வெற்றிடம். பிலிமின் கனமோ ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர்தான். பிலிமின் மொத்த அகலம் 61 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். எனவே இருபுறமும் பிடித்துக்கொள்ள மூன்று மில்லிமீட்டருக்கும் குறைந்த விளிம்பே கிடைக்கிறது. மெல்லிய துணியை நான்கு மூலையில் மட்டும் பிடித்தால் நடு தொய்வதுபோல, இதன் நடுப்பகுதியும் எழும்பவோ தாழவோ செய்யும்.

எழுச்சி எவ்வளவு இருந்தால் தீங்கு? கணக்கிட்டுப் பார்க்கலாம். கையில் வைத்துப் பார்க்கும் பிரதியில் 0.2 மில்லிமீட்டர் அளவுக்குப் புள்ளி மங்கினால் கண் அதைப் பொறுத்துக்கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். லென்ஸின் துளை எண்ணையும் இந்த 0.2ஐயும் பெருக்கி, அதை உருப்பெருக்கத்துடன் ஒன்றைக் கூட்டிய எண்ணால் பெருக்கி, உருப்பெருக்கத்தின் வர்க்கத்தால் வகுத்தால், நெகடிவ் தன் சரியான இடத்திலிருந்து எவ்வளவு விலகலாம் என்பது கிட்டும். நான்கு மடங்கு பெரிதாக்கி 22 சென்டிமீட்டர்ப் பிரதி எடுக்கும்போது, துளை எண் 8இல், மேலும் கீழும் 0.5 மில்லிமீட்டர் விலகலாம். ஏழு மடங்கு பெரிதாக்கி 39 சென்டிமீட்டர்ப் பிரதி எடுத்தால் இது 0.26 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. லென்ஸை 4.5க்குத் திறந்துவிட்டால் 0.15க்குக் குறைந்துவிடும். நெகடிவின் நடு, ஓரத்தைவிட அரை மில்லிமீட்டர் எழும்பியிருந்தால் சிறு பிரதியில் அது தெரியாது. பெரிய பிரதியிலோ நடுவிலுள்ள முகம் கூர்மையாகவும், ஓரத்தில் நிற்போர் பனியில் நிற்பவர்போலவும் காண்பர். குடும்பக் குழுப்படத்தில் ஓரத்தில் நிற்பவர் யாரோ ஒருவருக்குத் தாயாகவோ தந்தையாகவோ இருப்பார் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

கண்ணாடியற்ற தாங்கி முதல் வகை. இரண்டு உலோகத் தகடுகளின் நடுவே சதுரத் துவாரம், அவற்றிடையே நெகடிவ். தூசி படியக்கூடிய பரப்புகள் நெகடிவின் இரு பக்கங்கள் மட்டுமே என்பது இதன் பெருமை. இதனாலேயே பல கையேடுகள் கண்ணாடியற்றதே மேல் என்று எழுதி முடித்துவிடுகின்றன. அவை பெரும்பாலும் உலர்ந்த குளிர்நாடுகளில், சிறு பிலிமை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. 120 பிலிமில் விளக்கின் உஷ்ணம் பட்டதும் நேர்வது வேறு. மருந்து பூசிய பக்கத்திலுள்ள ஜெலட்டின் காற்றின் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கிறது. உஷ்ணத்தால் அவ்வீரம் வெளியேற, ஜெலட்டின் சுருங்கி பிலிமை மருந்துப் பக்கமாக வளைக்கிறது. தாங்கியில் மருந்துப் பக்கம் கீழ்நோக்கியே வைக்கப்படுவதால், நடுப்பகுதி விளக்கை நோக்கி மேலே எழும்புகிறது. சில சமயம் இது மெல்ல நடைபெறும். சில சமயம் தகர டப்பாவின் மூடி புடைப்பதுபோல ஒரே கணத்தில் நடைபெறும். குவியத்தைச் சரிபார்த்தபோது இருந்த நெகடிவ் வேறு, தாளின்மேல் ஒளி விழும்போது இருக்கும் நெகடிவ் வேறு என்றாகிறது.

மழைக்காலத்து மும்பையில் இச்சங்கடம் அதிகம். ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் எண்பது சதவீதத்திற்கு மேல் நிற்கும். அக்காலத்தில் நெகடிவ் ஏராளமான ஈரத்தோடு தாங்கிக்குள் நுழைகிறது. விளக்கு அதை உலர்த்த உலர்த்த அது நெளிகிறது. இதற்குப் பழைய கைத்தொழிலாளர் அறிந்த பரிகாரம் ஒன்று உண்டு. லென்ஸின் கீழுள்ள சிவப்புக் கண்ணாடியை மூடி, விளக்கை ஏற்றி, நெகடிவ் எழும்பி அடங்கும்வரை காத்திருப்பர். பின் சிவப்பைச் சற்று நேரம் விலக்கித் தாளில்லாத சட்டத்தில் குவியத்தைச் சரிசெய்வர். மீண்டும் சிவப்பை மூடித் தாளை வைத்து, விளக்கை அணைக்காமலே சிவப்பை மட்டும் விலக்கி ஒளியூட்டுவர். நல்ல யுக்திதான். ஆனால் ஒவ்வொரு பிரதிக்கும் இதைச் செய்ய வேண்டும். நாற்பது மாணவர் வரிசையில் நிற்கும் ஓர் இருட்டறைக்கு இது ஒத்துவராது. லென்ஸின் துளையை 11க்குச் சுருக்குவதும் ஓரளவு உதவும். ஏழு மடங்கில் அனுமதி 0.36 மில்லிமீட்டராக உயரும். எனினும் துளையைச் சுருக்கினால் ஒளியூட்டும் நேரம் நீளும். நேரம் நீண்டால் உஷ்ணமும் நீளும்.

இரண்டாம் வகை, இரு கண்ணாடிகளுக்கிடையே நெகடிவை அழுத்தி வைப்பது. தட்டைத் தன்மைக்கு இதை விஞ்சியது ஒன்றுமில்லை. ஆனால் இங்கேதான் கல்லூரிப் பௌதிக ஆசிரியர் நன்கறிந்த ஒரு பழைய நண்பர் விரோதியாக வந்து நிற்கிறார். தட்டைக் கண்ணாடியின்மேல் குவி லென்ஸை வைத்து, சோடிய விளக்கின் ஒளியைச் செலுத்தி, நகரும் நுண்ணோக்கியால் வளையங்களை அளந்து, 0.0005893 மில்லிமீட்டர் என்னும் அலைநீளத்தைக் கண்டறியும் சோதனையைச் செய்யாத பட்டதாரி இல்லை. ராபர்ட் ஹூக் 1665இல் விவரித்து, நியூட்டன் 1704இல் வெளியிட்ட நூலில் அளந்து காட்டிய அதே வளையங்கள் இருட்டறையிலும் தோன்றுகின்றன. பிலிமின் வழவழப்பான முதுகும் மேற்கண்ணாடியும் ஏறக்குறைய ஒட்டி நிற்கும்போது, நடுவிலுள்ள காற்றுப் படலத்தின் கனம் 0.000275 மில்லிமீட்டர் மாறுந்தோறும், பச்சை ஒளியில், ஒரு புது வளையம் பிறக்கிறது. இது பிலிமின் கனத்தில் ஏறத்தாழ 360இல் ஒரு பங்கு. இவ்வளவு நுண்ணிய இடைவெளியைக் கைத்திறத்தால் சீராக்க எவராலும் இயலாது. பிரதியில் வானமோ வெண்சுவரோ உள்ள இடத்தில், எண்ணெய் படிந்த நீர்ப்பரப்பைப்போல் கோடுகள் விழுகின்றன. சோதனைக் கூடத்தில் வளையம் தெரியாவிட்டால் மாணவனுக்கு மதிப்பெண் குறையும். இருட்டறையில் தெரிந்தால் தாள் வீணாகும்.

மருந்துப் பக்கம் முதுகுபோல் அவ்வளவு வழவழப்பானதன்று; ஆகவே கீழ்க்கண்ணாடியால் வளையங்கள் தோன்றுவது அரிது. அப்பக்கத்தின் ஆபத்து வேறு. ஈரத்தால் இளகிய ஜெலட்டின் கண்ணாடியோடு அழுந்தியிருந்தால் ஒட்டிக்கொள்ளும். பிரிக்கும்போது மருந்தில் பளபளப்பான திட்டு விழும், சில வேளை மருந்தே பெயர்ந்து வரும். வேறு பிரதி இல்லாத ஒரு நெகடிவுக்கு இதைவிடப் பெரிய கேடு இல்லை. தூசிக் கணக்கும் கூடுகிறது: இரு கண்ணாடிகளுக்கு நான்கு பரப்பு, பிலிமுக்கு இரண்டு, ஆக ஆறு.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மூன்றாம் வகையே மும்பையின் இருட்டறைக்கு ஏற்றது எனலாம். மேலே மட்டும் கண்ணாடி. கீழே துவாரம் மட்டும். மேற்கண்ணாடியின் அடிப்பரப்பு நியூட்டன் வளையங்களைத் தவிர்க்கும் பொருட்டு மிக நுண்மையாகச் சொரசொரப்பாக்கப்பட்டிருக்க வேண்டும். இதைச் சமரசம் என்று சொல்வதினும், பிலிம் வளையும் திசையை அறிந்து செய்த ஏற்பாடு என்று சொல்வதே பொருந்தும். உஷ்ணத்தால் பிலிம் எழும்புவது மேல்நோக்கி. அதைத் தடுக்க மேலே ஒரு கண்ணாடி போதும். வளையம் தோன்றுவது முதுகுப் பக்கத்தில். அங்கே சொரசொரப்பான பரப்பு இருக்கிறது. ஒட்டிக்கொள்வது மருந்துப் பக்கம். அங்கே கண்ணாடியே இல்லை. மேலும், மேற்கண்ணாடி விளக்கின் பக்கத்தில் இருப்பதால், படத்தை உண்டாக்கும் கதிர்கள் பிலிமைக் கடந்தபின் எந்தக் கண்ணாடியையும் சந்திக்காமல் லென்ஸை அடைகின்றன.

தூசிக்கு என்ன சொல்வது என்று கேட்கலாம். இரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள கண்ணாடியின் மேற்பரப்பில் விழுந்த துகள், முன்பு கணக்கிட்ட எல்லைக்கு வெகு தொலைவில் உள்ளது. சிறு துகளாயின் அதன் நிழல் மங்கிக் கரைந்துவிடும். எனவே உண்மையில் அஞ்ச வேண்டிய பரப்புகள் கண்ணாடியற்ற தாங்கியில் இரண்டு, மேற்கண்ணாடி மட்டும் உள்ளதில் மூன்று, இரு கண்ணாடித் தாங்கியில் நான்கு. இரண்டுக்கும் மூன்றுக்கும் உள்ள வித்தியாசத்திற்காகத் தட்டைத் தன்மையை விட்டுக்கொடுப்பது நியாயமாகாது. மழை நீங்கிய மாதங்களில், நவம்பர் முதல் பிப்ரவரி வரை, நகரின் கட்டட வேலைகளிலிருந்து கிளம்பும் புழுதியும், உலர்ந்த காற்றில் பிலிமைத் தேய்ப்பதால் உண்டாகும் மின்னேற்றமும் சேர்ந்து தூசியைப் பெருக்கும். அப்போது சிறு பிரதிகளுக்குக் கண்ணாடியற்ற தாங்கியை மாட்டிக்கொள்வதில் தவறில்லை. ஒரே தாங்கியை ஆண்டு முழுவதும் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை.

விதிவிலக்குகளைச் சொல்லாமல் விடுவது முறையன்று. ஸ்டூடியோக்களிலிருந்து வரும் பல நெகடிவுகள் ஒவ்வொன்றாகத் தனித்து வெட்டப்பட்டவை. சிலவற்றில் விளிம்பே இராது. நெடுங்காலம் சுருட்டி வைக்கப்பட்டவை நீளவாட்டில் குழல்போல் வளைந்திருக்கும். இத்தகையவற்றை மேற்கண்ணாடி மட்டும் அடக்காது. இரு கண்ணாடிகளே வேண்டும். ஆனால் மழைக்காலத்தில் இவ்வேலையைத் தொடங்கக் கூடாது. தொடங்கித்தான் ஆக வேண்டுமெனில், முந்தின நாளே சிலிக்கா ஜெல் இட்ட மூடிய டப்பாவில் நெகடிவை வைத்து, அளவாக உலர்த்திக்கொள்ள வேண்டும். மிகையாக உலர்த்தினால் அது இன்னும் இறுக்கமாகச் சுருண்டுகொள்ளும். காடி நெடி வீசும் நெகடிவில் அசிடேட் அடித்தளமே சிதையத் தொடங்கிவிட்டது என்று அறிய வேண்டும். மருந்துப் படலம் வரப்பு வரப்பாகக் கிளம்பியிருந்தால் அதை எந்தக் கண்ணாடியாலும் அழுத்தலாகாது. 1950ஐ ஒட்டியோ அதற்கு முன்போ எடுக்கப்பட்ட நெகடிவ், எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் பிலிமாக இருக்கக்கூடும். அந்த ஐயம் இருந்தால் சூடான கருவிக்குள் அதை வைக்கவே கூடாது. தனியே ஒதுக்கி, பழம்பொருள் காப்பகத்தாரின் யோசனையைக் கேட்பதே முறை.

மேற்கண்ணாடித் தாங்கியைக் கடையில் தேடி அலைய வேண்டும் என்பதில்லை. கண்ணாடியற்ற தாங்கியின் மேல்தகட்டிற்குப் பதிலாக, அளவாக வெட்டிய கண்ணாடியைப் பொருத்திக்கொள்ளலாம். படச்சட்டக் கடைகளில் ஒளி தெறிக்காத கண்ணாடி என்று விற்பதை வாங்கிவிடலாம் என்று பலர் எண்ணுகின்றனர். அதன் சொரசொரப்பு பெரும்பாலும் மிகையானது. பிரதியில் மணல் தூவியதுபோல் தெரியும். வளையம் தடுக்கும் கண்ணாடி என்றே கேட்டு வாங்க வேண்டும். அக்கண்ணாடியின் சொரசொரப்பான பக்கம் எது என்பதை விளக்கொளியைச் சாய்வாகப் படவிட்டுக் கண்டு, ஓரத்தில் ஒரு கீறலால் அடையாளமிடுவது நல்லது. தலைகீழாக வைத்துவிட்டு வளையம் போகவில்லையே என்று குறைகூறுவோர் உண்டு. கீழ்த்தகட்டின் துவாரம் 56 மில்லிமீட்டருக்கு மிக மிகினால், பிலிமின் விளிம்பு வழியே கசியும் வெற்றொளி படத்தின் கறுப்பைச் சாம்பலாக்கும். கறுப்புக் காகிதத்தில் சதுரம் வெட்டி மறைப்பது அரை மணி நேர வேலை.

செலவு செய்யுமுன் சோதித்துப் பார்க்க விரும்பும் ஆசிரியருக்கு எளிய வழி உண்டு. நாற்புறமும் கூர்மையான விவரங்கள் நிறைந்த ஒரு நெகடிவை, செங்கற்சுவர் மிகவும் தக்கது, ஏழு மடங்கு பெரிதாக்கி, நடுவில் குவியத்தைச் சரிசெய்து, துளை எண் 8இல், விளக்கேற்றிய உடனே ஒரு பிரதியும், மூன்று நிமிடம் விளக்கெரிந்தபின் ஒரு பிரதியும் எடுத்துப் பார்க்கட்டும். இரண்டிலும் நான்கு மூலைகளும் ஒத்திருந்தால் இருக்கும் தாங்கியே போதும். முதற்பிரதி தெளிவாகவும் இரண்டாவது மங்கலாகவும் இருந்தால் குற்றம் நெகடிவின் எழுச்சியில் உள்ளது. ஒரே மூலை மட்டும் இரண்டிலும் மங்கினால் தாங்கியோ கருவியின் தலையோ சாய்ந்திருக்கிறது. கண்ணாடி வாங்கிப் பயனில்லை, திருகுகளைச் சரிசெய்ய வேண்டும். எல்லா மூலைகளும் இரண்டிலும் ஒருசேர மங்கியிருந்தால், குவியத்தை மூலையில் சரிசெய்து மற்றொரு பிரதி எடுக்க வேண்டும். அப்போது மூலை தெளிந்தால் நெகடிவ் முதலிலிருந்தே வளைந்திருந்தது என்று பொருள். அப்போதும் தெளியாவிட்டால்தான் லென்ஸின்மீது ஐயம் கொள்ளலாம்.

இருட்டறையே இல்லாமல் ஸ்கேனரைக் கொண்டு பழைய நெகடிவுகளைப் பதிவு செய்யும் அலுவலகங்களுக்கும் இவை பெரும்பாலும் பொருந்தும். ஸ்கேனரோடு வரும் பிளாஸ்டிக் தாங்கியிலும் 120 பிலிம் தொய்கிறது. கண்ணாடிமேல் நேராக வைத்தால் அங்கேயும் வளையங்கள் தோன்றுகின்றன. விளக்கின் உஷ்ணம் ஒன்றுதான் அங்கே குறைவு. களப்பணிக் கோப்புகளிலுள்ள 120 நெகடிவுகளைப் பதிவு செய்ய முற்படும் அலுவலர், வேலையைத் தொடங்கும் மாதத்தை அக்டோபர் இறுதிக்குப் பின்னாக வகுத்துக்கொண்டு, தனியே வெட்டப்பட்டவற்றையும், சுருண்டவற்றையும், காடி நெடி வீசுபவற்றையும் முதலிலேயே பிரித்து வைத்துக்கொண்டால், எத்தனை நெகடிவுகளுக்கு எந்தத் தாங்கி வேண்டும் என்பது வாங்கும் பட்டியலை எழுதுமுன்னரே தெரிந்துவிடும்.